தூரை அடக்கிய மரபணு

மக்காச்சோளத்தில் எப்போதாவது புதர் போல் கிளைத்துத் தூர் கட்டும் செடி ஒன்று முளைக்கும். மரபணு ஒன்று பழுதானால் அப்படி ஆகும். அதற்கு டிபி1 என்று பெயர். 1997இல் ஜான் டீப்ளி குழுவினர் அதைப் பிரித்தெடுத்தார்கள். பக்க மொட்டை எழவிடாமல் அடக்குவதுதான் அதன் வேலை.

அதற்கு முந்தைய ஆண்டு ஸ்நாப்டிராகன் பூவில் சைக்ளோய்டியா என்ற மரபணு பிடிபட்டிருந்தது. மேலிதழும் கீழிதழும் வேறுவேறாக அமைவது அதனால். நெல்லில் செல் பெருக்கத்தோடு தொடர்புள்ள பிசிஎஃப் புரதங்கள் இரண்டு கிடைத்தன. பூவின் வடிவம், செடியின் கிளை, செல்லின் பெருக்கம் என்று மூன்றும் மூன்று திசை. புரத வரிசைகளைக் கணினியில் அடுக்கிப் பார்த்தபோது சுமார் 59 அமினோ அமிலங்கள் நீளமுள்ள ஒரு பகுதி மூன்றிலும் ஒத்துப்போனது. 1999இல் பிலார் குபாஸ் முதலானோர் மூன்றின் ஆங்கில முதலெழுத்தையும் சேர்த்து அதை டிசிபி என்றார்கள். அனாதையாகத் திரிந்த டிபி1க்குச் சொந்தபந்தம் கிடைத்தது.

பிறகு முழு மரபணுத்தொகுதிகள் வரத் தொடங்கின. அந்த 59 அமினோ அமிலங்களின் சாயலைக் கொடுத்தால் கணினி உறவினர் எல்லாரையும் சலித்துத் தரும். அரபிடாப்சிஸ் செடியில் 24 பேர். 2009இல் மக்காச்சோளத்தின் தொகுதியும் வெளியானது. பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன் இரட்டிப்பான தொகுதி அது, ஆகவே பல மரபணுக்களுக்கு ஜோடி உண்டு. இன்று எந்தப் பயிரை எடுத்தாலும் இப்படி ஒரு குடும்ப அட்டவணை போட்டுக் கட்டுரை எழுதிவிடலாம், எழுதியும் குவிக்கிறார்கள். யார் யாருக்கு உறவு என்று அட்டவணை சொல்லும். யார் என்ன செய்தார் என்று சொல்லாது.

டிபி1 விஷயத்தில் அது நன்றாகவே தெரிந்தது. மக்காச்சோளத்தின் மூதாதையான தியோசின்டே மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்குப் பக்கத்துக் காட்டுப்புல்; நீண்ட கிளைகளோடு படர்ந்து நிற்கும். சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் உழவர்கள் அதை ஒற்றைத் தண்டும் பெருங்கதிருமாக மாற்றத் தொடங்கினார்கள். இந்த மாற்றத்தில் டிபி1க்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் புரதத்தில் தேடினால் காரணம் அகப்படாது. மக்காச்சோளத்தில் அதே மரபணு ஏறத்தாழ இரு மடங்கு வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

2011இல் விடை கிடைத்தது. மரபணுவுக்கு வெளியே, சுமார் 60,000 டிஎன்ஏ எழுத்து தள்ளி, ஹாப்ஸ்காட்ச் என்ற, இடம் மாறித் திரியும் டிஎன்ஏ துண்டு ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. அதுதான் டிபி1ஐ முடுக்கிவிட்டது. புரதச் சாயலைப் பிடித்துக்கொண்டு போகும் எந்தச் சல்லடையிலும் இது சிக்கியிருக்காது. உழவர் கைபடுவதற்குக் குறைந்தது 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அது அங்கே வந்துவிட்டது என்கிறது காலக்கணிப்பு. காட்டுத் தியோசின்டே சிலவற்றிலும் அந்தத் துண்டு இருக்கிறது. உழவர் உண்டாக்கவில்லை, பொறுக்கி எடுத்தார்கள்.

நெல்லிலும் இதே மரபணு உண்டு. அங்கே அது பழுதானால் தூர் பெருகும், தண்டு மெலியும். தூரை நம்பி விளையும் நெல்லில் ஒரேயடியாக அடக்கிவிடவும் முடியாது.