கரியமிலவாயு க்யூரிங்

சுண்ணாம்புச் சத்துள்ள தொழிற்கழிவை அரைத்து, ஈரமாக்கி, அச்சில் அழுத்தி, கரியமிலவாயு நிரப்பிய அறையில் வைத்துக் கட்டுமானக் கல்லாக இறுக்கும் முறை. கழிவிலுள்ள கால்சியம் வாயுவுடன் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகி, துகள்களுக்கு இடையே படிந்து அவற்றைப் பிணைக்கிறது. பழைய வீடுகளின் சுண்ணாம்புக் காரை இறுகியதும் இதே வினையால்தான். காற்றில் இந்த வாயு 0.04 சதவீதமே என்பதால் காரை முழுதாக இறுக ஆண்டுகள் பிடித்தன. அடர்ந்த வாயுவில் ஒரே நாளில் கல் தயாராகிவிடும்.

சூட்சுமம் ஈரத்தில் இருக்கிறது. துளைகளில் தண்ணீர் நிரம்பியிருந்தால் வாயு உள்ளே போகாது. ஒட்ட உலர்ந்திருந்தால் வினையே நடக்காது. அதனால் அச்சிலிருந்து எடுத்த கல்லைச் சற்று உலரவிட்டுத்தான் அறைக்குள் ஏற்ற வேண்டும். வினை நடக்கும்போது கல் சூடாகி, ஈரத்தை வெளியே தள்ளும்.

கனடாவின் மாண்ட்ரியலைச் சேர்ந்த கார்பிகிரீட் நிறுவனம் எஃகாலைக் கசடைக் கொண்டு சிமென்ட் இல்லாமலே பிளாக் செய்யும் முறையை உருவாக்கியது. எஃகுக் கசடில் வினைபுரியாத சுண்ணாம்பு மிஞ்சியிருந்தால் கல் பின்னாளில் உப்பி வெடிக்கும். வாயு அந்தச் சுண்ணாம்பையும் தணித்துவிடுவது கூடுதல் லாபம்.

இந்தியாவில் புனே வட்டாரத்தை எடுத்துக்கொண்டால், அங்கே இந்த வாயு புதிதல்ல. வார்ப்பாலைகளில் மணலோடு சோடியம் சிலிகேட்டைக் கலந்து, குழாய்வழி கரியமிலவாயுவைச் செலுத்தி, நொடிகளில் அச்சை இறுக்குவது பழகிய வேலை. ஆனால் அங்கே கழிக்கப்படும் மணல் பெரும்பாலும் சிலிக்கா. அது வாயுவை ஏற்காது. நிரப்பியாக மட்டுமே உதவும். இந்திய அனல்மின் நிலையச் சாம்பலில் பெரும்பகுதியிலும் கால்சியம் குறைவு. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் அதிகம்; ஆனால் அது புனேயிலிருந்து வெகுதொலைவு. ஆகவே புனேக்கு முதன்மையாக ஏற்ற மூலப்பொருள் இடிபாட்டுக் கான்கிரீட்டே. அதில் ஒட்டியிருக்கும் பழைய சிமென்ட் வாயுவை ஏற்கும். புனேயை ஒட்டிய பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சிக்கு மோஷியில் இடிபாட்டுக் கழிவு ஆலை இருப்பதால், பொருளைச் சேகரித்து அரைக்கும் ஏற்பாட்டைப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. அசிட்டிலீன் ஆலைகளின் கார்பைடுச் சேறும் கிட்டத்தட்ட நீற்றிய சுண்ணாம்புதான். அதைக் குழியில் கொட்டுவது வீண்.

கணக்கிலும் கவனம் வேண்டும். 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு ஏற்கக்கூடியது அதிகபட்சம் 44 கிலோ வாயு. நடைமுறையில் அதைவிடக் குறைவு. வாயுவைப் பிடிக்கவும் அழுத்தவும் டாங்கரில் ஏற்றிவரவும் எரிபொருள் செலவாகிறது. தொலைவிலிருந்து வாயு வந்தால் சூழலுக்குக் கிடைக்கும் ஆதாயம் வழியிலேயே கரைந்துவிடும்.

வாயு ஊடுருவிய கான்கிரீட்டில் காரத்தன்மை குறையும். கம்பியைத் துருவிலிருந்து காப்பது அந்தக் காரம்தான். எனவே இக்கற்களை நடைபாதை பேவர், ஓரக்கல், சுவர் பிளாக் போன்ற கம்பியில்லாத வேலைகளுக்கு நம்பிப் பயன்படுத்தலாம். தூணுக்கும் உத்திரத்துக்கும் இவை ஆகா.