பெயர் உரைக்காத பெண்டிர்

மாந்தர்க்கு முதல் அடையாளம் பெயரே. அப்பெயரை உரைக்கத் தயங்கியதால் பல இலட்சம் பெண்டிர் வாக்குரிமை இழந்த நிகழ்ச்சி, விடுதலை பெற்ற இந்தியாவின் முதற் பொதுத்தேர்தலில் இடம்பெற்றது.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1921இல், சென்னை மாகாணச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை அளிக்க முன்வந்தது. எனினும், சொத்துத் தகுதி காரணமாகச் சிலரே பயன்பெற்றனர். 1935ஆம் ஆண்டுச் சட்டம் கணவனின் சொத்தைக் கொண்டு மனைவிக்கும் வாக்கு வழங்கியது. அஃதாவது, மனைவி என்னும் நிலையே ஒரு தகுதியாயிற்று.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்போ 21 வயது நிரம்பிய ஆண், பெண் அனைவரையும் வாக்காளராக்கியது. நாடாளுமன்றத்திற்கும் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் 1951-52இல் ஒருங்கே தேர்தல் நடைபெற்றது. அதற்கெனப் பட்டியல் தொகுக்கப்பட்டபோது, பீகார், உத்தரப் பிரதேசம், இராஜஸ்தான் முதலிய வட மாநிலங்களில் பெண்கள் பலர் தம் பெயரைக் கூறாது, இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிந்துகொண்டனர்.

இதனை அறியாமை என்று மட்டும் ஒதுக்கிவிடல் தகாது. அயலாரிடம் பெயர் உரைத்தல் குலமகளுக்கு அழகன்று என்பது அவர்தம் மரபு. குடும்பமே சமுதாயத்தின் அலகு. அதன் சார்பில் பேசுபவன் தலைவன் என்பது பழமை போற்றியோர் கருத்து. கணவன் பெயரை மனைவி சொல்லலாகாது என்னும் வழக்கம் தமிழரிடையேயும் இருந்ததன்றோ?

ஆயினும், தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் இதற்கு இசையவில்லை. பெயரின்றி வாக்காளர் இல்லை என்பது ஆணையத்தின் நிலை. பெயரைத் திருத்திப் பதியப் பீகாருக்குக் கூடுதல் காலம் வழங்கப்பட்டது; அதனால் நற்பயனும் விளைந்தது. எனினும், நாடு முழுவதும் ஏறத்தாழ 8 கோடிப் பெண் வாக்காளருள் 28 இலட்சம் பேர் நீக்கப்பட்டனர்.

மரபைக் காத்தவர்க்கு இது கடுந்தண்டனையே. ஆனால், 'இன்னாரின் மனைவி' என்னும் பதிவை ஏற்றிருப்பின், வாக்கும் அந்த இன்னாருக்கே உரியது என்னும் எண்ணம் நிலைத்திருக்கும்.

காலம் மாறியது. 2015ஆம் ஆண்டுப் பீகார் சட்டமன்றத் தேர்தலில் பெண்களுள் 60 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். ஆண்களுள் வாக்களித்தோர் 53 விழுக்காட்டினரே. பிழைப்பு நாடி ஆடவர் பலர் வெளியூர் சென்றிருந்தமையும் இதற்கு ஒரு காரணமே. எனினும், பாட்டியர் உரைக்க அஞ்சிய பெயரைப் பேத்தியர் வரிசையில் நின்று உரைத்தனர். சட்டம் ஒரு நாளில் உரிமையை வழங்கிவிடும். அதனை ஏற்கும் மனம் உருவாகத் தலைமுறைகள் வேண்டும். அம்மனத்தை உருவாக்குவது கல்வியின் கடமையாகும்.