தறுகண்

பழந்தமிழர் துணிச்சலுக்கு வைத்த பெயர்களில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது தறுகண். இன்று பேச்சில் அது இல்லை. தைரியம் என்கிறோம், வீரம் என்கிறோம். இரண்டும் வடமொழியிலிருந்து வந்து நம் வீட்டுப் பிள்ளைகளாகவே வளர்ந்துவிட்டவை. இளவட்டங்கள் தில் என்பார்கள். பாரசீகத்தில் தில் என்றால் இதயம். ஆங்கிலக் கரேஜும் இதயத்தைக் குறிக்கும் கோர் என்ற லத்தீன் சொல்வழி வந்ததுதான். துணிச்சல் மார்புக்குள் குடியிருப்பதாக இந்த மொழிகள் எண்ணியிருக்கின்றன. தமிழிலும் நெஞ்சுரம் உண்டு. ஆனால் தறுகண், வன்கண் என்ற இரண்டு பழஞ்சொற்கள் அதைக் கண்ணில் கொண்டுபோய் வைத்தன.

ஏன் கண்? நடுங்கும் கையை இறுக்கிக்கொள்ளலாம். பின்வாங்கும் காலை ஊன்றிக்கொள்ளலாம். இமை நம் சொல் கேட்காது. திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரம் அந்த இமையைத்தான் கவனிக்கிறது. பகைவனைச் சினந்து விழித்த கண், அவன் வேல் எறியும்போது ஒருமுறை இமைத்துவிட்டால், அதுவே புறங்காட்டி ஓடியதற்குச் சமம் என்கிறார் வள்ளுவர். வீரன் ஓடவில்லை, விழவில்லை, இமைத்தான், அவ்வளவுதான்.

தறுதல் என்றால் இறுகக் கட்டுதல். குடிசெயல்வகை அதிகாரத்தில் ‘மடிதற்று’ என்று இந்த வினை வருகிறது. தன் குடியை உயர்த்தப் பாடுபடுகிறவனுக்குத் துணையாகத் தெய்வமே ஆடையை வரிந்து கட்டிக்கொண்டு முன்னால் வந்து நிற்குமாம். தறுகண்ணையும் அப்படியே, இறுகக் கட்டிய பார்வை என்றுதான் நான் படிக்கிறேன்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இந்தச் சொல்லுக்குக் கொடுத்த இடம் என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கிறது. பரதரின் நாட்டிய சாத்திரம் வீரம் என்று சொல்லும் சுவையைத் தொல்காப்பியர் பெருமிதம் என்கிறார். அது நான்கு நிலைக்களன்களில் பிறக்கும்: கல்வி, தறுகண், புகழ், கொடை. கற்றவனுக்கும் கொடுப்பவனுக்கும் வரும் அதே தலைநிமிர்வுதான் அஞ்சாதவனுக்கும் வருகிறது. வாளேந்தியவனுக்குத் தனி மேடை எதுவும் இல்லை.

இந்தச் சொல்லுக்குள் ஓர் ஆபத்தும் இருக்கிறது. தறுகண்மை, வன்கண்மை இரண்டுக்கும் அகராதிகள் அஞ்சாமை என்றும் பொருள் தரும், கொடுமை என்றும் பொருள் தரும். வள்ளுவரே அமைச்சனுக்கு வேண்டிய தகுதிகளில் வன்கண்ணை முதலில் வைக்கிறார். அவரே ஈகை அதிகாரத்தில், யாருக்கும் கொடாமல் பொருளைச் சேர்த்துவைத்து இழப்பவரை வன்கணவர் என்கிறார். எதைக் கண்டும் கலங்காத கண், அடுத்தவன் பசியைக் கண்டும் கலங்காமல் இருந்துவிடக்கூடும்.

இதை அவர் அறிந்தே இருந்தார். அதனால்தான் தறுகண்ணைப் பேராண்மை என்று புகழ்ந்த கையோடு, பகைவனுக்கு ஒரு துன்பம் வரும்போது உதவும் ஊராண்மையே அதன் கூர்முனை என்று சேர்த்துச் சொன்னார். உரையாசிரியர் பரிமேலழகர் இதற்குக் காட்டும் சான்று, படையிழந்து தனியே நின்ற இராவணனை இன்று போய் நாளை வரச் சொன்ன இராமன். பேராண்மை இன்னொரு குறளிலும் வருகிறது. அங்கே அது பிறன் மனைவியை நோக்காத பண்பு. ஓரிடத்தில் இமையாமல் பார்ப்பது பேராண்மை, இன்னோரிடத்தில் பார்க்காமல் இருப்பது பேராண்மை. ஆண்மை என்றால் ஆளும் தன்மை. இங்கே ஆளப்படுவது அவனவன் கண். இன்று நாம் கருத்து என்ற பொருளில் வழங்கும் கண்ணோட்டமும் குறளில் இரக்கத்தின் பெயர். அச்சமின்மையும் இரக்கமும் ஒரே உறுப்பில் குடியிருந்த மொழி இது.

சில ஆண்டுகளுக்கு முன் உறவுக்காரப் பையன் ஒருவன் தீக்காயப் பிரிவில் கிடந்தான். பார்க்கப் போன நாங்கள் நான்கு பேரும் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தோம், ஜன்னலைப் பார்த்தோம், வாங்கிப் போன சாத்துக்குடிப் பையைப் பார்த்தோம். கட்டு மாற்ற வந்த சிஸ்டருக்கு இருபத்தைந்து வயதுகூட இராது. கொசுவலையை விலக்கிக் குனிந்து, அவன் கண்ணுக்கு நேரே முகத்தை வைத்து, “இன்னைக்குக் கொஞ்சம் வலிக்கும் தம்பி. தாங்கலேன்னா சொல்லு, நிறுத்திக்கலாம்” என்றார். ஒட்டியிருந்த துணியை மருந்து நீர் விட்டு நனைத்து நனைத்து, நகம் அளவு நகம் அளவாக எடுத்தார். அவன் முனகியபோதெல்லாம் கை நின்றது. பார்வை மட்டும் புண்ணை விட்டு நகரவில்லை.

முடிந்ததும் அவன், “அக்கா, மூஞ்சி எப்படி இருக்கு?” என்று கேட்டான்.

எங்களில் ஒருவர் அவசரமாக, “ஒண்ணும் இல்லடா, எல்லாம் சரியாயிரும்” என்றார். சிஸ்டர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். “எடது கன்னம் ஆற ரொம்ப நாளாகும். தழும்பு இருக்கும். கண்ணு ரெண்டும் நல்லா இருக்கு” என்றார்.

அதற்குப் பிறகுதான் நான் அவன் முகத்தைப் பார்த்தேன்.