ரஸ்ஸலின் விமர்சனமும் நம் பிள்ளைகளின் ஈமானும்

"எல்லாவற்றையும் அல்லாஹ் படைத்தான் என்றால், அல்லாஹ்வைப் படைத்தது யார்?" கல்லூரியில் படிக்கும் மகன் இப்படிக் கேட்டுவிட்டான் என்று பதறி வரும் பெற்றோரை நாம் அவ்வப்போது சந்திக்கிறோம். இக்கேள்வி எங்கிருந்து வருகிறது என்று தேடினால், பல நேரங்களில் அது ஒரு நூறாண்டு பழமையான சொற்பொழிவில் போய் நிற்கிறது. பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் ஆற்றிய 'நான் ஏன் கிறிஸ்தவன் அல்ல' என்ற உரைதான் அது. சுயமரியாதை இயக்கத்தினர் அதைத் தமிழிலும் பரப்பினார்கள்.

நம் சகோதரர்கள் சிலர் அதன் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு, கிறிஸ்தவர்களுடனான விவாதங்களுக்கு அதை ஆயுதமாக எடுக்கிறார்கள். அந்த ஆயுதம் எந்தப் பக்கம் வெட்டும் என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

யார் இந்த ரஸ்ஸல்?

1872-இல் பிரிட்டனில் பிறந்தவர். இவருடைய பாட்டனார் ஜான் ரஸ்ஸல் பிரதமராக இருந்தவர். நான்கு வயது நிறைவதற்குள் தாயையும் தந்தையையும் இழந்தார். மதநம்பிக்கை இல்லாத தந்தை, தம்மைப் போன்றவர்களே பிள்ளைகளுக்குப் பாதுகாவலராக வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். ஆனால் நீதிமன்றத்தின் வழியாக அது மாற்றப்பட்டு, பக்தி மிகுந்த பாட்டியிடம் ரஸ்ஸல் வளர்ந்தார். பதினெட்டு வயதில் ஜான் ஸ்டூவர்ட் மில்லின் சுயசரிதையைப் படித்தபோது, "கடவுளைப் படைத்தது யார்?" என்ற கேள்வியை எதிர்கொண்டு நம்பிக்கையைக் கைவிட்டதாக அவரே கூறியுள்ளார்.

கணிதத்திலும் தர்க்கத்திலும் பெரும் மேதை. வைட்ஹெட்டுடன் சேர்ந்து எழுதிய 'பிரின்சிபியா மேதமேட்டிகா' 1910 முதல் 1913 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. 1950-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றார். முதல் உலகப் போரை எதிர்த்ததற்காகச் சிறை சென்றார். 1970 பிப்ரவரி 2-இல் மரணமடைவதற்கு இரண்டு நாட்களுக்கு முன் அவர் விடுத்த கடைசி அறிக்கை, எகிப்தின் மீதான இஸ்ரேலின் குண்டுவீச்சைக் கண்டித்தது. ஃபலஸ்தீன அகதிகளின் உரிமையை எடுத்துரைத்தது. நியாயத்தை ஓர் இறைமறுப்பாளர் சொன்னாலும் அது நியாயமே. அதை ஒப்புக்கொள்வதால் அவருடைய கொள்கையை ஒப்புக்கொண்டதாக ஆகாது.

அவர் சொன்னது என்ன?

1927 மார்ச் 6 அன்று லண்டன் பேட்டர்ஸி நகர மண்டபத்தில் இவ்வுரை நிகழ்ந்தது. கிறிஸ்தவர் என்றால் யார் என்பதை அவர் முதலில் வரையறுக்கிறார். கடவுளையும் மரணத்துக்குப் பிந்தைய வாழ்வையும் நம்ப வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது, ஏனெனில் முஸ்லிம்களும் இவ்விரண்டையும் நம்புகிறார்கள் என்கிறார். இயேசுவைக் குறைந்தபட்சம் மனிதர்களில் மிகச் சிறந்தவராகவாவது ஏற்க வேண்டும் என்பதைச் சேர்க்கிறார்.

பிறகு அவர் விமர்சனம் இரண்டு பகுதிகளாகப் போகிறது. முதல் பகுதி, இறைவன் இருக்கிறான் என்பதற்கான வாதங்களை மறுப்பது: முதற்காரணம், இயற்கை விதி, படைப்பின் ஒழுங்கமைப்பு, ஒழுக்கம், நீதி. இரண்டாம் பகுதி, சுவிசேஷங்கள் காட்டும் இயேசுவின் பண்புகளையும் திருச்சபையின் வரலாற்றையும் குறை கூறுவது. மதத்தின் அடித்தளம் அச்சமே என்று முடிக்கிறார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. திரித்துவம், பிறவிப்பாவம் போன்றவற்றை மறுப்பது இவ்வுரையின் மையம் அல்ல. முதல் பகுதி முழுவதும் நமக்கும் எதிரானது. இரண்டாம் பகுதியில் அவர் குறை காணும் நரகம் பற்றிய எச்சரிக்கை நம் அகீதாவிலும் உள்ளது. அவர் குறை கூறும் ஈஸா (அலை) அவர்களோ நாம் ஈமான் கொண்ட நபி. எனவே இவ்வுரையைக் கைதட்டி வரவேற்பவர், தம் வீட்டுச் சுவரையும் சேர்த்தே இடிக்கிறார்.

"அல்லாஹ்வைப் படைத்தது யார்?"

ரஸ்ஸலின் வாதம் இது: எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும் என்றால் கடவுளுக்கும் வேண்டும், காரணமின்றி ஒன்று இருக்கலாம் என்றால் அது உலகமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

நம் கலாம் அறிஞர்கள் "எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு" என்று சொல்லவே இல்லை. "இல்லாதிருந்து பின்பு தோன்றியது எதுவோ, அதற்குத் தோற்றுவித்தவன் உண்டு" என்பதே இமாம் கஸ்ஸாலி (ரஹ்) போன்றோரின் வாதம். ஆரம்பமே இல்லாதவனிடம் "உன்னை ஆரம்பித்தது யார்?" என்று கேட்பது பொருந்தாது.

ஓர் உதாரணம். திருமண வீட்டில் பிரியாணி தேக்சா இருக்கிறது. "அடுத்த வீட்டில் இரவல் வாங்கினோம்" என்கிறார்கள். அடுத்த வீட்டாரும் இரவல். அதற்கடுத்த வீட்டாரும் இரவல். ஊர் முழுக்க எல்லாரும் இரவல் வாங்கியவர்களே என்றால் தேக்சா இங்கே வந்திருக்கவே முடியாது. எங்கோ ஒரு சொந்தக்காரர் இருந்தாக வேண்டும். "அவர் யாரிடம் இரவல் வாங்கினார்?" என்று கேட்பவர், சொந்தக்காரர் என்ற சொல்லையே விளங்காதவர். படைப்புகள் அனைத்தும் இருப்பை இரவலாகப் பெற்றவை. இருப்பு யாருக்குச் சொந்தமோ அவனே அல்லாஹ்.

இப்னு சீனா 'வாஜிபுல் வுஜூத்' என்று விளக்கிய வாதத்தின் சாயல் இதில் உண்டு. 1948-இல் பிபிசி வானொலியில் பாதிரியார் கோப்ள்ஸ்டன், இதற்கு நெருக்கமான வாதத்தையே ரஸ்ஸலிடம் முன்வைத்தார். பிரபஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை என்ற கருத்தில் ரஸ்ஸல் நின்றுவிட்டார். ஆக, கேள்வியை நிறுத்தாதவர் எவரும் இல்லை. அவர் மாறிக்கொண்டே இருக்கும் பிரபஞ்சத்தில் நிறுத்தினார். நாம் மாற்றமில்லாத படைப்பாளனிடம் நிறுத்துகிறோம். எது அறிவுக்குப் பொருத்தம் என்பதே பேச வேண்டியது.

நீதியும் ஆரஞ்சுப் பெட்டியும்

உலகில் அநீதி இருப்பதால் மறுமையில் நீதி கிடைத்தாக வேண்டும் என்ற வாதத்தை அவர் கேலி செய்கிறார். பெட்டியின் மேலடுக்கில் ஆரஞ்சுகள் அழுகியிருந்தால், கீழே உள்ளவை நல்லவை என்றா முடிவு செய்வோம் என்கிறார்.

அநீதியை மட்டும் வைத்து நாம் மறுமையை நிரூபிப்பதில்லை. உண்மையாளரான தூதர் (ஸல்) அறிவித்ததால் நம்புகிறோம். முதலில் படைத்தவனுக்கு மீண்டும் படைப்பது இயலாததல்ல என்ற கருத்தை யாஸீன் சூரா எடுத்துரைக்கிறது. மேலும், இந்த உலகம் விற்பனைக்கு வந்த பழப்பெட்டி அல்ல, தேர்வு அறை. தேர்வு நடக்கும்போதே மதிப்பெண் வரவில்லை என்று யாரும் தேர்வாளரைக் குறை கூறுவதில்லை.

அச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அச்சம் மட்டுமே மதம் என்றால் ரஸ்ஸலின் குறை நியாயமானதே. இஸ்லாத்தில் அச்சத்துடன் ஆதரவும், அதற்கு மேல் அன்பும் உண்டு. ஆனால் நம் வீடுகளில் குழந்தைக்கு அல்லாஹ்வை எப்படி அறிமுகம் செய்கிறோம்? "பொய் சொன்னால் நெருப்பில் போடுவான்" என்பதுதான் முதல் பாடமா? அர்ரஹ்மான், அர்ரஹீம் என்ற பெயர்கள் அதற்கு முன் வர வேண்டாமா?

நாத்திகரா, அறியொணாவாதியா?

ரஸ்ஸல் பிற்காலத்தில், தத்துவ அறிஞர்களிடம் பேசும்போது தாம் அறியொணாவாதி என்றும், சாமானிய மக்களிடம் நாத்திகர் என்று சொல்வதே பொருத்தம் என்றும் விளக்கினார். இறைவன் இல்லை என்பதை நிரூபிக்க முடியாது என்பதை அவரே ஏற்றார். "விஞ்ஞானம் கடவுள் இல்லை என்று நிரூபித்துவிட்டது" என்று அவர் பெயரால் பேசுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

பெற்றோர் செய்ய வேண்டியது

ஸஹாபாக்கள் சிலர், வாயால் சொல்லவே அஞ்சும் எண்ணங்கள் உள்ளத்தில் எழுவதாக நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார்கள். நபியவர்கள் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை; அந்த அச்சமே தெளிவான ஈமான் என்று ஆறுதல் கூறினார்கள். இறைவனைப் படைத்தது யார் என்ற ஊசலாட்டம் வந்தால் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி, அதை அத்துடன் நிறுத்துமாறும் கற்றுத் தந்தார்கள். வஸ்வஸாவுக்கு இதுவே மருந்து. விடை தேடிக் கேட்பவனுக்கோ விடை தர வேண்டும்; அடி தரக்கூடாது.

இமாம் கஸ்ஸாலியே தம் வாழ்வில் ஏறக்குறைய இரண்டு மாதங்கள் கடுமையான சந்தேகத்தில் இருந்ததைத் தம் நூலில் மறைக்காமல் எழுதினார். அல்லாஹ் உள்ளத்தில் இட்ட ஒளியால் மீண்டதாகக் கூறினார். தத்துவவாதிகளை மறுக்கும் முன் அவர்களின் கொள்கையை முழுமையாகக் கற்றார். கணிதத்தை மறுத்து மார்க்கத்தைக் காக்க நினைப்பவன் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறான் என்றும் எச்சரித்தார். மகன் கேள்வி கேட்டதும் "கல்லூரிப் படிப்பே கெடுத்துவிட்டது" என்று படிப்பை நிறுத்த நினைப்போருக்கு இதில் பாடம் உண்டு.

இன்னொரு செய்தி. ரஸ்ஸலின் மகள் கேதரின் வளர்ந்தபின் கிறிஸ்தவராகிவிட்டார். உலகப் புகழ்பெற்ற தந்தையால் தம் அவநம்பிக்கையை மகளுக்கு வாரிசாக விட்டுச்செல்ல முடியவில்லை. நம் ஈமானும் பெயரோடும் தொப்பியோடும் தானாக இறங்கி வரும் சொத்து அல்ல. பேசியும், கேட்டும், வாழ்ந்து காட்டியும் ஒப்படைக்க வேண்டிய அமானிதம் அது.

வேதக்காரர்களிடம் அழகிய முறையிலேயே விவாதிக்குமாறு குர்ஆன் நமக்குக் கட்டளையிடுகிறது. கிறிஸ்தவ அண்டை வீட்டாரிடம் ஈஸா (அலை), மர்யம் (அலை) அவர்களைப் பற்றி நாம் கொண்டுள்ள கண்ணியத்தைப் பேசுவோம். அதற்கு ரஸ்ஸலின் துணை தேவையில்லை.

அல்லாஹ் நம் அனைவரின் ஈமானையும், நம் சந்ததிகளின் ஈமானையும் பாதுகாப்பானாக. ஆமீன்.