பிளாப்பியிலிருந்து மேகம் வரை

"மேகக் கணினி என்கிறார்களே, அது ஆகாயத்திலா இருக்கிறது?" என்று போன வாரம் நடைப்பயிற்சியில் நண்பர் ஒருவர் கேட்டார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது, வங்கியின் கணினிப் பிரிவில் பாதி வாழ்க்கையைக் கழித்தவன் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது. அந்தப் பதில்தான் இது.

1984இல் ரங்கராஜன் குழு அறிக்கை தந்த பிறகுதான் நம் வங்கிகளுக்குள் கணினி மெல்ல நுழைந்தது. முதலில் லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள், பிறகு கிளைக்கு ஒரு சர்வர். ஒவ்வொரு கிளையும் ஒரு தனித் தீவு. மென்பொருளில் ஒரு வரி மாறினாலும் அதைப் பிளாப்பியில் ஏற்றி, பையில் போட்டு, பஸ் ஏறிப் போக வேண்டும். திருநெல்வேலியில் காலையில் கிளம்பினால் அம்பாசமுத்திரம், கடையம், தென்காசி என்று மூன்று கிளை முடிப்பதற்குள் இருட்டிவிடும்.

2003 மார்ச் 1 முதல் சேமிப்புக் கணக்கு வட்டியை ரிசர்வ் வங்கி 4 சதவீதத்திலிருந்து 3.5 ஆகக் குறைத்தது. வழக்கம்போல் பிளாப்பிகள் கிளம்பின. மலையடிவாரத்துக் கிளை ஒன்றுக்குப் போன பிளாப்பி படிக்க முடியாமல் போயிற்று. வேறொன்று அனுப்பினோம். அது வந்து ஏற்றியாயிற்று என்று நான் நினைத்தேன்; நான் வந்து ஏற்றுவேன் என்று அவர்கள் நினைத்தார்கள். செப்டம்பரில் பழைய விகிதத்திலேயே வட்டி விழுந்தது. தணிக்கையில் தெரிந்ததும், அதிகமாகப் போனதைக் கணக்குகளிலிருந்து திரும்ப எடுத்தோம்.

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் பாஸ்புக்கோடு வந்தார். அவர் கணக்கில் 24,000 ரூபாய் இருந்தது. எடுத்தது 60 ரூபாய். "கேட்காமலே கொடுத்தீர்கள், கேட்காமலே எடுத்துக்கொண்டீர்கள். இதில் இன்னும் என்னவெல்லாம் எனக்குத் தெரியாமல் நடக்கிறது, சார்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. 60 ரூபாய் பெரிதல்ல. அந்தச் சந்தேகம் பெரிது.

பிறகு கோர் பேங்கிங் வந்தது. கிளைகள் ஒரே மையத்தில் இணைந்தன. 2010 ஏப்ரல் 1 முதல் தினசரி இருப்புக்கு வட்டி கணக்கிட வேண்டும் என்ற மாற்றம் வந்தபோது யாரும் பஸ் ஏறவில்லை. ஆனால் வேறொரு தாமதம் ஒட்டிக்கொண்டது. புதிய மென்பொருள் ஒன்றைச் சோதிக்க வேண்டுமானால் தனி சர்வர் வேண்டும். அதற்கு இண்டென்ட், டெண்டர், கொள்முதல் கமிட்டி, பெட்டி வந்து சேர்தல், மின்சாரம், ஏ.சி. எல்லாம் முடிய மாதக்கணக்கில் ஆகும். நிரல் எழுதியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். இத்தனைக்கும் மற்ற சர்வர்கள் பெரும்பாலும் சும்மாதான் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த முடிச்சுக்கு விடை புதிதல்ல. ஒரே கணினியைப் பல கணினிகள்போல் பிரித்துத் தரும் வித்தையை ஐ.பி.எம். 1960களிலேயே கண்டுவிட்டது, 1972இல் அதை விஎம்/370 என்று வெளியிடவும் செய்தது. மலிவான சிறு கணினிகள் பெருகிய காலத்தில் அது பின்னுக்குப் போயிற்று. 1998இல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம் சாதாரண சர்வர்களுக்கு அதை மீட்டுக்கொண்டு வந்தது. 2006இல் அமேசான் ஒரு படி மேலே போய், மணிக்கு 10 சென்ட் வாடகையில் கணினியை யாருக்கும் தர ஆரம்பித்தது. இது பொது மேகம்.

வங்கியும் அரசும் தங்கள் கணக்கு வழக்கை அவ்வளவு எளிதில் வெளியார் இடத்தில் வைக்குமா? அதற்குப் பிறந்ததுதான் தனியார் மேகம். நம் ஊர் வழக்கில் சொல்கிறேன். கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரக் கடையில் எடுப்பது பொது மேகம். ஊராரே அண்டா, குண்டான் வாங்கி ஊர்ப் பொதுவில் வைத்து, விசேஷ வீட்டுக்காரர் எடுத்துப் புழங்கிவிட்டுக் கழுவித் திருப்பித் தருவது தனியார் மேகம். கல்யாணத்துக்குக் கல்யாணம் புது அண்டா வாங்க வேண்டாம். வெளியூர்க் கடையையும் நம்ப வேண்டாம்.

2010இல் அமெரிக்காவின் நாசாவும் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் சேர்ந்து ஓபன்ஸ்டாக் என்ற மென்பொருளை யாரும் இலவசமாக எடுத்து இப்படி ஒரு மேகம் அமைத்துக்கொள்ளும்படி வெளியிட்டன. ஜெனீவா அருகே அணு ஆராய்ச்சி செய்யும் செர்ன் 2013இல் அதையே முழுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அங்குள்ள விஞ்ஞானி தனக்கு வேண்டிய கணினியைத் திரையில் கேட்டுச் சில நிமிடங்களில் பெற முடிந்தது. நம் மத்திய அரசும் 2014 பிப்ரவரியில் 'மேகராஜ்' திட்டத்தின் கீழ் தேசிய மேகத்தைத் தொடங்கியது.

2013இல் டாக்கர் வந்தது. மென்பொருளையும் அது ஓடத் தேவையான மற்றவற்றையும் ஒரே டிபன் கேரியரில் அடுக்கி அனுப்புவதுபோல. "சோதனையில் ஓடியது, இங்கே ஓடவில்லையே" என்ற எங்கள் காலத்துப் புலம்பல் அதனால் வெகுவாகக் குறைந்தது.

வேகத்தில் ஆபத்தும் உண்டு. என் காலத்துத் தவறு ஒரு கிளையோடு நின்றது; இன்றைய தவறு ஒரே இரவில் எல்லாக் கிளைக்கும் போய்விடும். அதனால்தான் முதலில் கொஞ்சம் பேருக்கு மட்டும் திறந்துவிட்டுப் பார்க்கிறார்கள். கோளாறு என்றால் அப்படியே பழைய பதிப்புக்குத் திரும்புகிறார்கள். எந்த இயந்திரத்தில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பதும் பதிவில் இருக்கிறது. "ஏற்றியாயிற்று என்று நினைத்தேன்" என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நண்பருக்கு என் பதில் இதுதான்: மேகம் ஆகாயத்தில் இல்லை. பூமியில், ஏ.சி. போட்ட ஓர் அறையில், ஊர்ப் பொதுப் பாத்திரமாக இருக்கிறது. அந்த ஆசிரியைக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இன்று அவர் கேட்டால், எந்த நாளில் என்ன மாறியது, யார் மாற்றினார்கள் என்று கவுண்டரில் இருக்கும் பையன் விசாரித்துச் சொல்லிவிட முடியும். சொல்கிறார்களா என்பது வேறு விஷயம். அதற்கு இன்னும் மனிதர்கள்தான் வேண்டும்.

பிளாப்பி தூக்கிப் பஸ் ஏறியவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.