தறியும் சுவரும்: கே.ஜி. சுப்ரமணியன் கற்பித்த கலைவரலாறு

நவீன இந்திய ஓவியம் பற்றித் தமிழில் பேச்செடுத்தால் சென்னைக் கலைக்கல்லூரியும் சோழமண்டலமும் ஒருபுறம், பம்பாயின் முற்போக்குக் குழு மறுபுறம் என்று வரைபடம் விரைவில் முடிந்துவிடுகிறது. இவ்விரண்டுக்கும் வெளியே, பரோடாவிலும் சாந்திநிகேதனிலும் அரைநூற்றாண்டுக்கு மேல் வரைந்தும் கற்பித்தும் எழுதியும் வந்த கே.ஜி. சுப்ரமணியன் (1924–2016) நம்மிடையே போதிய அளவு அறியப்படவில்லை. அவர் பெயரின் ‘கே’ என்னும் முதலெழுத்து பாலக்காட்டுக் கல்பாத்தியைக் குறிப்பது. தமிழ்க் குடும்பம். பிறந்தது வடகேரளத்தின் கூத்துப்பறம்பில். படித்தது சென்னை மாநிலக் கல்லூரியில், அதுவும் பொருளியல்.

‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தில் சிறை சென்றதால் அரசுக் கல்லூரிகளின் கதவு அவருக்கு மூடப்பட்டது. 1944-ல் சாந்திநிகேதனின் கலா பவனத்தில் சேர்ந்தார். நந்தலால் போஸ், பினோத் பிஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் பெய்ஜ் ஆகிய மூவரும் ஒருங்கே கற்பித்த காலம் அது. ஒரு நாட்டின் கலை வரலாற்றில் இப்படியொரு வகுப்பறை அடிக்கடி அமைவதில்லை.

மூவரில் சுப்ரமணியனுக்கு மனத்தளவில் நெருக்கமானவர் பினோத் பிஹாரி என்றே எனக்குத் தோன்றுகிறது. பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வையில்லை. மறு கண்ணில் கடுமையான கிட்டப்பார்வை. அந்தக் கண்ணைக் கொண்டு 1946–47-ல் ஹிந்தி பவனத்தின் சுவர்களில் இடைக்கால பக்தர்களைப் பற்றிய மாபெரும் ஈரச்சுண்ணச் சுவரோவியத்தை அவர் வரைந்தார். முழு அளவு முன்வரைவு ஏதுமில்லை, சுவரே தாள். உதவிய மாணவர்களில் சுப்ரமணியனும் ஒருவர். 1950களின் பிற்பகுதியில், கண் அறுவைக்குப் பின், எஞ்சிய பார்வையும் போயிற்று. அதன் பிறகு பினோத் பிஹாரி சாந்திநிகேதன் திரும்பிக் கலைவரலாறு கற்பித்தார். காகிதம் வெட்டி ஒட்டினார், களிமண்ணைப் பிசைந்தார், ஓடுகளால் ஒரு சுவரையே நிறைத்தார். அவருடைய மாணவரான சத்யஜித் ராய் 1972-ல் எடுத்த ‘தி இன்னர் ஐ’ என்ற ஆவணப்படத்தில் இதைக் காணலாம். பார்வையற்ற ஒருவர் ஓவிய வரலாறு கற்பித்தார் என்பதை நெகிழ்ச்சியான செய்தியாக மட்டும் வாசித்துக் கடந்துவிடக் கூடாது. கலையின் வரலாறு கண்ணில் மட்டும் இல்லை, செய்யும் கையிலும் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. பல்லாண்டுகள் கழித்து, ஆசிரியரின் வங்காளத் தன்வரலாறான ‘சித்ரகர்’ நூலைச் சுப்ரமணியனே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார் (2006).

1951-ல் பரோடாவில் புதிதாகத் தொடங்கியிருந்த நுண்கலைத் துறையில் விரிவுரையாளரானார். பதவியால் அவர் ஓவிய ஆசிரியர்தான். ஆனால் அவரது உரைகளும், அவற்றை ஒட்டி வளர்ந்த ‘மூவிங் ஃபோகஸ்’ (1978), ‘தி லிவிங் டிரடிஷன்’ (1987) முதலிய நூல்களும் இந்தியக் கலை மாணவர்களுக்கு வரலாற்றைச் சொல்லும் வேறொரு முறையை அளித்தன. எளிய வாசிப்பு அல்ல. வாக்கியங்கள் நீளும், எடுத்துக்காட்டுகள் குறைவு. ஆனால் அவற்றின் அடியில் கிடக்கும் கேள்வி கூர்மையானது: குயவரும் நெசவாளரும் எப்போது கலைஞர் பட்டியலிலிருந்து வெளியே போனார்கள்?

இதற்கான விடையின் ஒரு பகுதி காலனிய ஆவணங்களில் இருக்கிறது. சென்னையில் 1850-லும், கல்கத்தாவில் 1854-லும், பம்பாயில் 1857-லும் தொடங்கப்பட்ட கலைப்பள்ளிகளில் கைத்தொழில் மேம்பாடே முதன்மை நோக்கமாக இருந்தது. 1851-ன் லண்டன் பெருங்கண்காட்சியில் இந்தியத் துணிகளையும் உலோகப் பாத்திரங்களையும் கண்டு ஆங்கிலேய வடிவமைப்பாளர்கள் வியந்தனர். ஓவன் ஜோன்ஸ் 1856-ல் வெளியிட்ட அலங்கார வடிவங்களின் தொகுப்பில் இந்தியக் கோலங்களுக்குத் தனி இடம் உண்டு. ஆயினும் பாடத்திட்டம் லண்டனிலிருந்து வந்தது. தைல ஓவியமும் சிற்பமும் நாளடைவில் ‘நுண்கலை’யாக மேலேறின, மற்றவை ‘கைவினை’யாகக் கீழே தங்கின. வியந்து பாராட்டப்பட்ட பொருளைச் செய்தவருக்கு அந்தப் பாராட்டில் பங்கு கிடைக்கவில்லை.

சுப்ரமணியன் இந்தப் பிரிவினையை ஏட்டில் மட்டும் ஆராயவில்லை. 1959 முதல் 1961 வரை பம்பாயில் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பிரிவின் துணை இயக்குநராகப் பணியாற்றினார். அன்று நெசவாளர் சேவை மையங்களில் ஓவியர்களை அமர்த்தும் வழக்கம் இருந்தது. (ஜோகன் சௌத்ரி 1968 முதல் 1972 வரை சென்னையில் இவ்வாறு பணியாற்றியவர்தான், அவரது கோடுகளை அறிந்த நம்மவர்களில் எத்தனை பேர் இதை அறிவார்கள்?) திட்டத்தின் நோக்கம் நல்லது. ஆனால் அதற்குள் ஒரு முள் இருந்தது. ஓவியர் தாளில் வரைந்து கொடுக்க, நெசவாளர் அதைத் தறியில் ஏற்றினால், தலைமுறைகளாகக் கரையையும் முந்தியையும் தானே தீர்மானித்துவந்தவர் வெறும் கையாகிவிடுகிறார். காலனியப் பள்ளி செய்ததையே சுதந்திர இந்தியாவின் வாரியமும் அன்பான முகத்தோடு செய்துவிடக்கூடும்.

தறி ஓவியருக்குச் சொல்லித்தருவதும் உண்டு. தறியில் வளைகோடு கிடையாது. பாவும் ஊடையும் படிப்படியாக ஏறி இறங்குவதைத்தான் நம் கண் வளைவு என்று எடுத்துக்கொள்கிறது. சிறு அலகுகளின் பெருக்கமே உருவம். 1963-ல் லக்னோவின் ரவீந்திராலயத்தில், தாகூரின் ‘ராஜா’ நாடகத்தை ஒட்டி அவர் அமைத்த சுவரைப் பாருங்கள். எண்பது அடிக்கு மேல் நீளம். ஆயிரக்கணக்கான சுடுமண் துண்டுகள். ஒரே வடிவத் துண்டு ஓரிடத்தில் கண்ணாகிறது, மற்றோரிடத்தில் அணியாகிறது, இன்னோரிடத்தில் வெறும் இருளாகிறது. இது தூரிகைக்காரரின் சிந்தனையல்ல, நெய்பவரின் சிந்தனை என்றே நான் வாசிக்கிறேன்.

1961-ல் இரண்டு தொடக்கங்கள் குஜராத்தில் நிகழ்ந்தன. சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியின் 1958 அறிக்கையைத் தொடர்ந்து அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவானது. பரோடாவில் நுண்கலைச் சந்தை தொடங்கியது. முன்னது உலகறிந்த நிறுவனம். பின்னது ஆசிரியரும் மாணவரும் கூடிப் பொம்மையும் பாண்டமும் செய்து விற்ற எளிய சந்தை. மரத்துண்டு, மணி, தோல், நார் ஆகியவற்றைக் கொண்டு சுப்ரமணியன் செய்த பொம்மைகள் அதில் விற்பனைக்கு வந்தன. பேராசிரியர் பொம்மை விற்கலாமா என்ற கேள்வி எழும் இடத்தில்தான் அவரது கலைவரலாற்று வகுப்பு உண்மையில் நடந்தது.

குயவரின் மண் கையில் இருந்ததால் அவர் கிராமிய இனிமைக்குள் ஒதுங்கிவிட்டார் என்று எண்ணிவிடலாகாது. வங்கதேசப் போர் நடந்த 1971-ல் ‘ஜெனரல்களும் வெற்றிச் சின்னங்களும்’ என்ற சுடுமண் புடைப்புகளைச் செய்தார். பதக்கங்கள் குத்திய சீருடைகளும் சிதைந்த உடல்களும் ஒரே களிமண் பலகையில் மடிந்து கிடக்கின்றன. நெருக்கடி நிலையைப் பகடி செய்யும் ‘தி டேல் ஆஃப் தி டாக்கிங் ஃபேஸ்’ சிறுவர் நூலின் உருவில் வந்தது.

குறையும் உண்டு. கைவினை மரபு என்பது சாதியோடு பின்னியது. குயவரின் பிள்ளை குயவராகவே இருந்ததால் தொடர்ந்த மரபை, அந்தப் பிள்ளையின் பக்கமிருந்து பார்க்க வேண்டிய கடமையும் நமக்கு உண்டு. இந்தக் கேள்வியைச் சுப்ரமணியனின் எழுத்து போதிய அளவு எதிர்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை. மரபு ஒரு மொழி என்றால், அதைப் பேசியே தீரவேண்டும் என்று விதிக்கப்பட்டவர்களும் இருந்தார்கள்.

1980-ல் சாந்திநிகேதனுக்கே பேராசிரியராகத் திரும்பினார்; மாணவர்களுக்கு அவர் ‘மணிதா’. ஓய்வுக்குப் பின், 1990களின் தொடக்கத்தில், கலா பவனத்தின் வடிவமைப்புத் துறைக் கட்டிடத்தின் வெளிச்சுவர்களைக் கறுப்பு வெள்ளையில் நிறைத்தார். விலங்குகள், பெண்கள், மரங்கள், பறப்பன, கோலம்போல் ஒன்றையொன்று விழுங்கும் வடிவங்கள். வங்காளத்து மழையும் வெயிலும் வெளிச்சுவரை விட்டுவைப்பதில்லை. 2009-ல், 85 வயதில், சாரத்தின் மேல் ஏறி அந்தச் சுவர்களை மறுபடியும் வரைந்தார்.