படிக்கு ஒரு திசை

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்பது கணக்கு. டிசம்பர் 31 அன்று திருப்படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, ஒரு திருப்புகழைப் பாடிவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போவார்கள். அவசரக்காரர்களுக்கு ஏற்ற திருவிழா அல்ல.

கீழே திருத்தணி ஸ்டேஷனைக் கடந்து போகும் மும்பை ரயிலில் ஏறினால் இன்னொரு படிக்கட்டுக்குப் போய்ச் சேரலாம். மராட்டியத்தின் மேற்குத் தொடர்ச்சி மலை, யாரோ படி வெட்டி வைத்தது போலவே இருக்கும். சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு ஒன்றன்மேல் ஒன்றாகப் பரவி உறைந்த அடுக்குகள் அவை. நிலவியலார் வைத்த பெயர் 'டெக்கான் ட்ராப்'. ட்ராப் என்ற சொல் வந்ததே ஸ்வீடிஷ் மொழியின் படிக்கட்டிலிருந்துதான்.

அங்கிருந்து கிழக்கே கிளம்பிய குழம்பின் கதை இது. பள்ளத்தாக்குகளைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் ஓடி, ராஜமுந்திரி பக்கம் வந்து நின்றது. இன்று கோதாவரிக்கு இக்கரையில் காட்டேரு, அக்கரையில் பங்கிடி என்று குவாரிகளில் ஜல்லியாக உடைபடுகிறது. அவ்வளவு தூரம் ஆறாமல் எப்படி ஓடியது? ஆடை கட்டிய கூழில் கை வைத்துச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இது விளங்கும். மேலே தோல் இறுகிவிட்டால் உள்ளே சூடு லேசில் போகாது.

நின்ற இடத்தில் குழம்பு ஆறியது. அதிலிருந்த மாக்னடைட் துகள்களின் சூடு 580 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியதும், அன்றைக்குப் பூமியின் காந்தம் காட்டிய திசை அவற்றில் பதிந்துவிட்டது. துகள் திரும்புவதில்லை, அதன் காந்தம்தான் திரும்புகிறது. அந்தக் காந்தம் கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்தால், கல் உறைந்த இடத்தின் அட்சரேகை தெரியும். கிளெக், டாய்ச், கிரிஃபித்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் தக்காணக் கற்களை இப்படி அளந்து 1956இல் வெளியிட்டார்கள். இந்தியா அப்போது நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்திருக்கிறது. ஆக, ஓடி முடித்துப் படுத்த கல், படுத்தபடியே வடக்கே இன்னொரு பயணம் வந்திருக்கிறது.

மூன்றாவது பயணம் மனிதர் கையில், ஆய்வுக்கூடத்துக்கு. தண்ணீர் ஊற்றிக்கொண்டே சிறு பெட்ரோல் டிரில்லால் ஓர் அங்குலத் தடிமனில் கல்லைக் குடைவார்கள். பிடுங்குவதற்கு முன் பித்தளைக் குழாய் ஒன்றைச் செருகி, கல் எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று கோடு கிழித்துக்கொள்வார்கள். இரும்பு இங்கே ஆகாது. குழம்பு உறைந்த இந்தப் பசால்ட் கல்லே காந்தம் என்பதால் திசைகாட்டி முள்ளையும் முழுக்க நம்ப முடியாது. வெயிலில் ஒரு குச்சியின் நிழலையும் கடிகார மணியையும் குறித்துக்கொண்டு சரிபார்ப்பார்கள். கோடு அழிந்தால் அந்தக் கல் ஜல்லிக்குத்தான் லாயக்கு.

ராஜமுந்திரிக் கற்களில் கீழ் அடுக்கின் காந்தம் இன்றைய திசைக்கு நேர் எதிராகவும், மேல் அடுக்கு இன்றைய போக்கிலும் இருக்கின்றன. பூமியின் காந்தம் புரண்ட இதே தலைகீழ் மாற்றம் மகாபலேஷ்வரின் உயர அடுக்குகளிலும் பதிவாகியிருக்கிறது. இரண்டு ஊர்க் கல்லின் ரசாயனமும் ஒத்துப்போனது. ராஜமுந்திரியிலேயே வெடித்த எரிமலை என்று சொல்லி வந்தவர்களின் வாதம் இதனால் வலுவிழந்தது. உலகிலேயே மிக நீளமான எரிமலைக் குழம்புகள் இவைதானோ என்று ஸ்டீபன் செல்ஃபும் உடன் ஆய்ந்தவர்களும் 2008இல் கேட்டார்கள்.

எனக்குப் பிடித்த முடிவு வேறு. பூமியின் காந்தத் திசை கொஞ்சம் கொஞ்சமாக அலைந்துகொண்டே இருக்கும். அடுத்தடுத்த பல அடுக்குகள் அச்சாக ஒரே திசையைக் காட்டினால் அவை மளமளவென்று கொட்டியவை என்று பொருள். ஷெனே என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு 2008, 2009இல் மேற்குத் தொடர்ச்சி மலையில் இப்படிப் பல கொத்துகளைக் கண்டது. ஒரு கொத்து முழுக்கச் சில பத்தாண்டு, மிஞ்சினால் சில நூற்றாண்டு வேலை. அடுத்த கொத்துக்கு முன்னால் சில இடங்களில் செம்மண் படியும் அளவுக்கு நீண்ட ஓய்வு. படிக்கு ஒரு நாள் என்ற திருத்தணிக் கணக்கு அங்கே செல்லாது.

ஆய்வுக்கூடத்தில், குடைந்தெடுத்த கல் துண்டை வெளிக்காந்தம் புகாத உலையில் வைத்து, சூட்டை ஏற்றுவதும் ஆறவிட்டு அளப்பதுமாகப் படிப்படியாகப் போவார்கள். பின்னாளில் ஒட்டிய காந்தம் முதலில் உதிரும், ஆதிக் காந்தம் கடைசியில். 580ஐத் தாண்டியதும் அதுவும் போய்விடும். பிறகு அது எண் எழுதிய வெறும் கல்.